பதினான்காவது விதி

அந்த ஜன்னல் திறக்காது. நானும் இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டேன். இந்தப் பக்கத்து ஜன்னல் பாதிவரை திறக்கிறது, அது போதும் நமக்கு. தண்ணீர் குடிக்கிறீர்களா? வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தாமிரபரணித் தண்ணீர். குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மணி பதினொன்றே முக்கால். பதினோரு மணிக்கு நிறுத்தினார்கள். கண்டக்டரிடம் கேட்டேன். "குடிதண்ணி மறியல் மேடம். தாசில்தார் வந்து பதில் சொன்னாத்தான் எந்திரிப்போம்னு உட்கார்ந்திருக்காங்க" என்றார். எட்டிப் பாருங்கள், ரோட்டுக்குக் குறுக்கே காலிக் குடங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் நாற்பது லாரி. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அரவக்குறிச்சி ரோட்டில் நடுவில் நாம்.

நீங்கள் சேலம்வரைதானே? நாங்களும் சேலம்தான். மூன்று மணிக்கு மேட்ச்.

கடைசி வரிசைகளில் சத்தம் போடுகிறார்களே, அவர்கள் என் பிள்ளைகள். பெற்ற பிள்ளைகள் இல்லை. அம்பாசமுத்திரம் எஸ்தர் மகளிர் கல்லூரியின் கால்பந்து அணி. பதின்மூன்று பேர். நான் அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். செல்வரூபி என்று பெயர். ரூபி மேடம் என்றால்தான் அம்பையில் தெரியும்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். இங்கிருந்து சேலத்துக்கு இரண்டரை மணி நேரம். பன்னிரண்டரைக்கு வண்டி நகர்ந்தால் மூன்று மணிக்குள் போய்விடலாம். பதினைந்து நிமிடம் சலுகை உண்டு. மூன்றே காலுக்குப் பதினொரு பேர் மைதானத்தில் நிற்கவில்லை என்றால் வாக் ஓவர். எதிர் அணி ஜெயித்ததாக எழுதிவிடுவார்கள். ஒரு வருடத்தில் மூன்று வாக் ஓவர் கொடுத்தால் லீக்கைவிட்டு நீக்கிவிடுவார்கள். நாங்கள் இந்த வருடம் இரண்டு கொடுத்தாயிற்று.

அதனால்தான் மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

நீக்கினால் என்ன, வேறு லீக்கில் ஆடலாமே என்கிறீர்களா? எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் முதல்வரும் அதைத்தான் கேட்டார். அதில்தான் கதை இருக்கிறது. தாசில்தார் வரும்வரை நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

எங்கள் ஊரும் கல்லிடைக்குறிச்சியும் ஆற்றுக்கு இரண்டு கரையில் இருக்கின்றன. நடுவில் ஒரு பாலம். அந்தக் கரையில் பர்வதவர்த்தினி மகளிர் கல்லூரி. அங்கே உடற்கல்வி இயக்குநர் கோமதிநாச்சியார். நாச்சியாரும் நானும் ஒரே கல்லூரியில் ஒரே அணியில் ஆடியவர்கள். அவள் கோல் கீப்பர், நான் அவளுக்கு முன்னால் டிஃபென்ஸ். வேலையும் ஒரே வருடத்தில் கிடைத்தது. ஆளுக்கொரு கரை.

தொண்ணூற்றாறில் நாங்கள் இரண்டு பேரும்தான் தென்காசி, சங்கரன்கோவில், நாங்குநேரி கல்லூரிகளுக்கு நேரில் போய்ப் பேசினோம். ஐந்து கல்லூரி சேர்ந்து ஒரு லீக். ஐவர் லீக் என்று பெயர் வைத்தோம். ஆனியில் தொடங்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் முடியும். எங்கே ஆடினாலும் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

கடைசி மேட்ச் எப்போதும் எங்களுக்கும் பர்வதவர்த்தினிக்கும். பாலத்து மேட்ச் என்பார்கள். அதற்கென்று ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. தோற்ற அணியின் மேடம் ஆற்றில் இறங்கி அந்தக் குடத்தில் தண்ணீர் மொண்டு, இடுப்பில் வைத்துப் பாலத்தைக் கடந்து, ஜெயித்தவர்கள் மைதானத்துக்குப் போய் கோல் கம்பத்தின் அடியில் ஊற்ற வேண்டும். இரண்டு ஊர்க்காரர்களும் பாலத்தில் நின்று பார்ப்பார்கள். நான் ஒன்பது தடவை தூக்கியிருக்கிறேன். அவள் பதினொன்று. மிச்ச வருடங்கள் டிரா. கடைசியாகத் தூக்கியவள் அவள்தான். நடுப்பாலத்தில் நின்று, "ஏட்டி ரூபி, இடுப்பு விட்டுப்போச்சு, மிச்சத்த நீ தூக்கு" என்று சொல்லிப் பாதித் தண்ணீரை என்மேலேயே ஊற்றிவிட்டாள். எதிலும் ஒரு ஒழுங்கு கிடையாது அவளுக்கு. விதி என்றால் என்ன என்றே தெரியாது.

அந்தக் குடம் இப்போது என் அறையில்தான் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

லீக் வளர்ந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் நாகர்கோவிலும் தூத்துக்குடியும் வந்தன. ஐந்து ஏழாயிற்று. பெயரை மாற்றலாமா என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டம் போட்டோம். மாற்றவில்லை. கோப்பையில் ஐந்து நட்சத்திரம் ஏற்கெனவே பொறித்தாகிவிட்டது. இரண்டாயிரத்து எட்டில் கோவில்பட்டியும் விருதுநகரும் வந்தன. ஒன்பது பேர் ஆடும் ஐவர் லீக். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வடக்கே பதின்மர் லீக் என்று ஒன்று இருக்கிறது. பத்து கல்லூரி ஆரம்பித்தது. இப்போது அதில் பதினாறு கல்லூரிகள். அவர்களும் பெயரை மாற்றவில்லை. எண்ணத் தெரிந்தவர்கள் யாரும் லீக் நடத்துவதில்லை என்று நாச்சியார் சொல்வாள்.

என்ன பேச்சி?

இவள்தான் எங்கள் கேப்டன், பேச்சியம்மாள். சொல்லு. "நாச்சியார் மேடம் திரும்பக் கூப்பிடுதாங்க மேடம். பேசுதீங்களா?" வேண்டாம். மேடம் தூங்குகிறார்கள் என்று சொல். "முழிச்சுத்தான இருக்கீங்க?" போ, போய் உட்கார்.

காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. என் போனுக்குக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அதனால் பிள்ளையின் போனுக்குக் கூப்பிடுகிறாள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

இரண்டாயிரத்துப் பதினேழில் நான் ஐவர் லீக்கின் செயலாளர். அப்போது நாகர்கோவில்காரர்கள் கேரளப் பக்கம் ஏதோ ஒரு லீக்கோடு பேசிக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. ஒருவர் போனால் இன்னொருவர் போவார். ஒரு செங்கலை உருவினால் சுவர் நிற்குமா? நான் உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். பதினான்காவது விதி. லீக்கைவிட்டு விலகும் கல்லூரி பத்து வருடத்துக்குத் திரும்பி வரக்கூடாது. அந்தப் பத்து வருடமும் லீக்கில் இருக்கும் யாரும் அந்தக் கல்லூரியோடு நட்பு ஆட்டம்கூட ஆடக்கூடாது. எவ்வளவு அழகான விதி! ஓர் ஓட்டை கிடையாது.

கூட்டத்தில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நாச்சியார் மட்டும் தூக்கவில்லை. "ஏட்டி, இது யாருக்கு வச்ச பொறி? நாளைக்கு நம்ம காலே இதுல மாட்டுனா என்ன செய்வ?" என்றாள். நம் கால் ஏன் மாட்டப்போகிறது, நாம்தானே தொடங்கினோம் என்றேன். கேட்கவில்லை. ஒரு சின்ன ஜன்னலாவது வை என்று அரைமணி நேரம் சண்டை போட்டாள். கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் ஒரு வரி சேர்த்தேன். 'விலகிய கல்லூரி தன் கைப்பட எழுதிக் கேட்டு, அனைத்து உறுப்பினரும் சம்மதித்தால் இவ்விதி தளர்த்தப்படலாம்.' விதியின் அழகே போய்விட்டது. ஆனாலும் நாகர்கோவில் போகவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். என் விதிக்குப் பயந்துதான்.

இந்தப் பையில் விதிப் புத்தகம் இருக்கிறது. காட்டட்டுமா? வேண்டாமா? சரி.

இரண்டு வருடம் முன்னால், வைகாசி மாதம், பதின்மர் லீக் செயலாளர் நல்லசிவம் சார் சேலத்திலிருந்து பேசினார். "மேடம்ங்க, தெக்க ஒரே ஒரு காலேஜ சேர்க்கிறதா இருக்கோம்ங்க. உங்க ஆத்துல இந்தக் கரையோ அந்தக் கரையோ, ஒண்ணுதானுங்க. முதல்ல யாரு கையெழுத்துப் போடறாங்களோ அவங்க."

அந்தக் கரையிலும் பேசினீர்களா என்று கேட்டேன்.

"எல்லாருகிட்டயும் பேசிக்கிட்டுத்தானுங்க இருக்கோம்" என்றார்.

பதின்மர் லீக் என்றால் சும்மா இல்லை. விளக்குப் போட்ட மைதானம், டிவியில் நேரடி ஒளிபரப்பு, மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். என் பிள்ளைகள் ஆற்றங்கரையில் ஆடியதை யார் பார்த்தார்கள், பாலத்தில் போகிறவர்களைத் தவிர? எனக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. நாச்சியாரிடம் கேட்டுவிட்டுச் செய்வோம் என்றுதான் இருந்தேன். போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. கல்லூரிக்குப் போன் போட்டால், மேடம் சேலம் போயிருக்கிறார்கள் என்கிறார்கள்.

சேலம்!

மூன்றாம் நாள் காலை அவளுடைய கல்லூரிப் பியூன் பாலத்தைத் தாண்டிச் சைக்கிளில் வந்து ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். நாச்சியார் மேடம் கொடுக்கச் சொன்னார்களாம். பிரித்தால் மாம்பழம். வைக்கோல் வைத்து அடுக்கிய சேலத்து மாம்பழம், ஒரு டஜன். மேலே ஒரு சீட்டு. 'ஏட்டி, சாப்பிட்டுட்டுக் காலேஜுக்குக் கூப்பிடு. நெறைய பேசணும்.'

எனக்கு விளங்காதா? நான் என்ன சின்னப் பிள்ளையா? சேலத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கு மாம்பழம் அனுப்புகிறாள். வாயை அடைக்க. முப்பது வருடப் பழக்கத்துக்கு ஒரு டஜன் மாம்பழம்.

அந்த நிமிடமே நல்லசிவம் சாருக்குப் போன் போட்டேன். இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குதுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம்? அவள் இன்னும் தாளைக் கொடுத்து முடிக்கவில்லை, நான் முந்திவிட்டேன் என்று அர்த்தம். முதல்வரிடம் ஓடினேன், கையெழுத்து வாங்கினேன், மத்தியானத்துக்குள் ஸ்கேன் செய்து அனுப்பினேன். மாம்பழத்தை அறையிலிருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நான் ஒன்றுகூடத் தொடவில்லை.

சாயங்காலம் அவள் பாலத்தைத் தாண்டி வந்தாள். "என்னட்டி இப்படிச் செஞ்சுட்ட?" என்றாள். நீ என்ன செய்தாய், சேலத்துக்கு எதற்குப் போனாய் என்று கேட்டேன். "அக்கா மகளுக்குக் கல்யாணம்டீ. போனை மண்டபத்துல தொலைச்சுட்டேன்" என்றாள்.

கல்யாணமாம். சரியாக அந்த வாரத்தில் கல்யாணமாம். சரியாகச் சேலத்தில் கல்யாணமாம். போன் தொலைந்துபோனதாம். நீங்களே சொல்லுங்கள், நம்புகிற மாதிரியா இருக்கிறது? பத்திரிகையை வேறு கொண்டுவந்து காட்டினாள். பத்திரிகை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

நீ முந்தப் பார்த்தாய், நான் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். மேஜைமேல் வெறும் மாம்பழப் பெட்டி இருந்தது. அதையே கொஞ்ச நேரம் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்விட்டாள். குற்றமுள்ளவர்கள் அப்படித்தான் போவார்கள்.

மணி என்ன? பன்னிரண்டு இருபதா? இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.

அங்கே பாருங்கள், என் பிள்ளைகள் எங்கே இறங்கிப் போகிறார்கள்? ஏ பேச்சி! பந்தை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறாய்? "சும்மா கால் மரத்துப்போச்சு மேடம். ரோடு காலியாத்தான கெடக்கு." சரி, வண்டிக்குப் பக்கத்திலேயே இருங்கள். விசில் கேட்டால் ஓடிவர வேண்டும்.

எங்கே விட்டேன்? பதின்மர் லீக். போன பிறகுதான் அவர்களுடைய விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். சொந்த மைதானத்தில் ஆட வேண்டுமென்றால் இரண்டாயிரம் பேர் உட்காரும் காலரி இருக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் இரண்டு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. அதனால் எங்கள் சொந்த மேட்ச்சும் கரூரில் நடக்கும், இல்லையென்றால் ஈரோட்டில் நடக்கும். இரண்டு வருடமாகிறது, அம்பையில் ஒரு மேட்ச் நடக்கவில்லை. எல்லாமே வெளியூர். வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை வீடு. ஓசூர் போனால் திங்கள்கிழமை.

டிவியில் வந்தோம். வராமல் இல்லை. முதல் மேட்ச், ஏழு கோல் வாங்கினோம். பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து வந்த கால் எப்படி ஓடும்? பேச்சியின் அப்பா அம்பையில் டீக்கடையில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பார்த்தாராம். இடைவேளையிலேயே டிவியை அணைத்துவிட்டாராம்.

வகுப்பு போயிற்று. வருகைப்பதிவு குறைந்து போன செமஸ்டரில் ஐந்து பேரைப் பரீட்சை எழுத விடவில்லை. அவர்களுடைய அம்மாக்கள் வந்து என் அறையில் நின்றார்கள். இருபத்திரண்டு பேர் இருந்த அணி பதின்மூன்றாயிற்று. இந்த வருடம் முதல் மேட்ச் அன்றைக்கு ஏழு பேருக்கு அரியர் பரீட்சை. வாக் ஓவர். இரண்டாவது மேட்ச்சுக்கு ரயில் விருதுநகரிலேயே நின்றுவிட்டது. வாக் ஓவர். இன்றைக்கு இந்தக் குடங்கள்.

நேற்று முதல்வர் கூப்பிட்டார். "மேடம், இதுவும் போனா டீமைக் கலைச்சிடுவோம். ஆட இடமில்லாம டீம் எதுக்கு?" என்றார். பழைய லீக்குக்குத் திரும்பலாமே என்றும் கேட்டார். பத்து வருடம் ஆகும் சார் என்றேன். எந்த மடையன் எழுதின விதி என்று கேட்டார். பையிலிருந்த புத்தகத்தை இன்னும் உள்ளே தள்ளினேன்.

எனக்கு இன்னும் பதினான்கு மாதம்தான் சர்வீஸ். நான் வீட்டுக்குப் போய்விடுவேன். இந்தப் பேச்சி மூன்றாம் வருடம். இவளுக்குப் பின்னால் வருகிறவர்கள் எட்டு வருடத்துக்கு யாரோடு ஆடுவார்கள்? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அணி பயிற்சி எடுக்கிற விசில் சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். ஆடக் கூடாது. விதி.

சொல்கிறேன் என்றேனே, நாச்சியார் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று. இப்போது அவள்தான் ஐவர் லீக் செயலாளர். இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத் தென்காசியில் கூட்டம். மற்ற ஏழு கல்லூரிக்காரர்களிடமும் அவளே போய்ப் பேசிவிட்டாளாம். எல்லோரும் சம்மதமாம். நாகர்கோவில்கூடச் சம்மதமாம். கூட்டம் முடிவதற்குள் நான் என் கைப்பட ஒரு வரி எழுதிப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். 'திரும்பச் சேர விரும்புகிறோம்.' அந்த ஒரு வரி. இன்றைக்கு விட்டால் அடுத்த கூட்டம் அடுத்த வருடம். அதற்குள் எங்கள் டீம் இருக்காது.

பேச்சிதான் காலையில் மதுரையில் வந்து சொன்னாள். "எழுதிக் குடுங்க மேடம். பிள்ளைகளெல்லாம் கேக்குதாங்க." நான் எழுதவில்லை.

ஏனா? நான் எப்படி எழுதுவேன்? அவள் என் முதுகுக்குப் பின்னால் சேலம் போனவள். அவளிடம் போய் நான் கேட்கவா? அவள் சொல்லிச் சேர்த்த வரியைப் பிடித்துக்கொண்டு நான் ஏறி வரவா? முதலில் அவள் ஒத்துக்கொள்ளட்டும். ஆமாம் ரூபி, நான் சேலத்துக்குப் பேசத்தான் போனேன் என்று ஒரு வார்த்தை. இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன். சொல்லமாட்டேன் என்கிறாள். கல்யாணம், கல்யாணம் என்று அதையே சொல்கிறாள்.

பிடிவாதமா? எனக்கா? நன்றாகச் சொன்னீர்கள். அவளுக்குத்தான் பிடிவாதம்.

பன்னிரண்டு முப்பத்தைந்து. சரி, டிரைவர் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் முடியும்.

என்ன சத்தம் அது? கைதட்டுகிறார்களே. கொஞ்சம் நகருங்கள், பார்க்கிறேன். அடப்பாவிகளா! நடுரோட்டில் மேட்ச் ஆடுகிறார்கள். குடங்களையே கோல் கம்பமாக வைத்திருக்கிறார்கள், பாருங்கள். மறியல் செய்கிற பெண்கள்கூடச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அந்தப் பச்சைச் சேலைக்காரி அடித்த அடியைப் பார்த்தீர்களா? லாரிக்காரர்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்து விசில் அடிக்கிறார்கள். பேச்சி சிரிக்கிறாள். மைதானத்தில் இவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு வருடத்தில் என் பிள்ளைகளுக்கு யாரும் இப்படிக் கைதட்டியதும் இல்லை. இதை டிவியில் காட்டமாட்டார்கள்.

மேட்ச்சுக்கு முன்னால் இப்படிக் காலைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. விசில் அடிக்க வேண்டும். அடிக்கிறேன். இன்னும் ஒரு நிமிடம் ஆடட்டும்.

ஒன்று பத்து.

ஜீப் வருகிறது. அதோ, தாசில்தார்தான் போலிருக்கிறது. பேசுகிறார். இன்னும் பேசுகிறார். எழுந்துவிட்டார்கள், குடங்களை எடுக்கிறார்கள். வாங்க, வாங்க பிள்ளைகளா, ஏறுங்கள் சீக்கிரம். பதின்மூன்று பேரும் ஏறியாயிற்றா? எண்ணு பேச்சி.

ஒன்று முப்பத்தைந்து. வண்டி நகர்ந்துவிட்டது, பார்த்தீர்களா? நான் சொன்னேன் இல்லையா.

என்ன பேச்சி, மூச்சு வாங்குகிறது? "இப்பக் கிளம்பினா நாலு மணி ஆகிரும் மேடம். மேட்ச் போயிருச்சு." எனக்குக் கணக்குத் தெரியும். நாலு மணிக்காவது போய் மைதானத்தில் நிற்போம். வராமல் தோற்றார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. "நின்னு என்ன செய்ய மேடம்? கரூர்ல இறங்கித் திரும்பிருவோம். அந்த லெட்டர..." உட்கார் என்று சொன்னேன். உட்காருகிறாயா இல்லையா?

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தேன். பார்க்காமல் இல்லை.

அதை விடுங்கள். இவ்வளவு நேரம் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சேலத்துக்கு எதற்குப் போகிறீர்கள்? கல்யாணமா? யாருக்கு, தங்கை மகளுக்கா? நல்லது, நல்லது. ஆனி மாதத்தில் நிறைய முகூர்த்தம். எப்போது திரும்புகிறீர்கள்? நாளை மறுநாளா?

என்ன கேட்டீர்கள்? பக்கத்து வீட்டு சிநேகிதிக்குச் சேலத்திலிருந்து என்ன வாங்கிப் போவதா? இது என்ன கேள்வி, மாம்பழம்தான். சீசன் முடியப்போகிறது, ஆனாலும் பஸ் ஸ்டாண்டிலேயே பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். வைக்கோல் வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். சேலத்தில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கிக்கொண்டு...

...

இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் கொடுங்கள். அந்தப் பாட்டில்.

மணி என்ன? ஒன்று ஐம்பதா? கூட்டம் இரண்டு மணிக்கு. தென்காசிக்காரர்கள் என்றைக்கு நேரத்துக்கு ஆரம்பித்தார்கள்! இருக்கும், நேரம் இருக்கும்.

உங்களிடம் பேனா இருக்கிறதா? காகிதம் வேண்டாம், என்னிடம் இருக்கிறது. இன்றைய மேட்ச்சுக்கு எழுதிய ஆட்டக்காரர்கள் பட்டியல், பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், அதன்மேல் வைத்து எழுதுகிறேன். ஆமாம், விதிப் புத்தகம்தான். அட்டை கெட்டியாக இருக்கிறது.

'செயலாளர் அவர்களுக்கு' என்று தொடங்குவதா? முறைப்படி அப்படித்தான் தொடங்க வேண்டும். நான்தான் அந்த முறையை எழுதினேன். இல்லை. வேண்டாம்.

'ஏட்டி நாச்சியார், அந்த மாம்பழம் நான் சாப்பிடவில்லை. எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். குடம் என்னிடம்தான் இருக்கிறது. இந்தத் தடவை யார் ஜெயித்தாலும் நானே தூக்குகிறேன்.'

வண்டி குலுங்குகிறது, எழுத்து கோணல்மாணலாகிவிட்டது. அவள் படித்துவிடுவாள்.

பேச்சி! இங்கே வா. அழாதே. உன் போனைக் கொண்டு வா. கண்டக்டர் சார், கரூரில் நாங்கள் பதினான்கு பேரும் இறங்கவேண்டும்.